கடிகாரம் சரி, குழந்தை?

அப்பா போன பிறகு பங்கு பிரித்தபோது மற்றதெல்லாம் சுலபமாக முடிந்து, கடைசியில் ஒரு சுவர்க்கடிகாரத்தில் வந்து நின்றது. சாவி கொடுக்கிற பழைய கடிகாரம், விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது, ஆனால் அக்கா எனக்கு என்கிறாள், நானும் எனக்கு என்கிறேன். கேம் தியரியில், அதாவது ஒருவர் முடிவு மற்றவர் முடிவையும் பொறுத்திருக்கும்போது என்ன நடக்கும் என்று கணக்குப் போடும் ஆட்டக் கோட்பாட்டில், எங்கோ படித்த முறை ஒன்றை எடுத்து வந்தேன். கடிகாரம் தனக்கு எவ்வளவு பெறும் என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி மடித்து, ஒரே நேரத்தில் பிரித்தோம். அக்கா 9,000. நான் 5,000.

கூட எழுதியவருக்குப் பொருள். அக்கா தன் தொகையில் பாதி, 4,500-ஐ நடுவில் வைத்தாள். என் தொகையில் பாதி 2,500-ஐ நான் எடுத்துக்கொண்டேன். மிச்சம் 2,000, ஆளுக்கு ஆயிரம். ஆக அவளுக்குக் கடிகாரம், எனக்கு 3,500. அவரவர் கணக்கில் பார்த்தால் ரெண்டு பேருக்குமே பாதிக்கு மேல் ஆயிரம் கூடக் கிடைத்தது. போலந்துக் கணிதவியலாளர் க்னாஸ்டர் கண்டுபிடித்த முறை, 1948-ல் இன்னொரு போலந்துக் கணிதவியலாளர் ஸ்டைன்ஹவுஸ் எழுதி வெளியுலகுக்கு வந்தது.

(ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அக்கா எவ்வளவு எழுதுவாள் என்று எனக்கு ஓரளவு தெரியும். நானும் 8,999 என்று எழுதியிருந்தால் கிட்டத்தட்ட 4,500 கைக்கு வந்திருக்கும். பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது உண்மை.)

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுவிட்டு, எல்லாச் சொத்துத் தகராறையும் இப்படியே தீர்த்துவிடலாம், வழக்கும் வாய்தாவும் எதற்கு என்று கிளம்புகிறவர்களோடுதான் எனக்கு ஒத்துவரவில்லை. கடிகாரத்தில் எங்கள் ரெண்டு பேருக்குமே உரிமை இருந்தது, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஒருவர் உரிமைக்காரர், இன்னொருவர் புளுகுகிறார் என்றால் அது வேறு ஆட்டம்.

யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முதில் ஒரு வழக்கு வரும். ஒரு துணியை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் முழுவதும் என்னுடையது என்கிறான், மற்றவன் பாதி என்னுடையது என்கிறான். பாதிதான் என்று சொன்னவனே மறுபாதியை விட்டுக்கொடுத்துவிட்டான், சண்டை மிச்சப் பாதிக்குத்தான், அதை ஆளுக்குப் பாதியாக வெட்டு. முதல்வனுக்கு முக்கால், அடுத்தவனுக்குக் கால். 1985-ல் ஆமன், மாஷ்லர் என்ற ரெண்டு ஆட்டக் கோட்பாட்டு அறிஞர்கள், கடனை அடைக்கச் சொத்து போதாதபோது எப்படிப் பங்கிடுவது என்று தால்முதில் வரும் கணக்குகளுக்கு அடியிலும் இதே விதி ஓடுகிறது என்றும், அது, சேர்ந்து கிடைத்ததை எப்படிப் பங்கிடுவது என்று பார்க்கும் கூட்டுறவு ஆட்டக் கோட்பாட்டின் ஒரு தீர்வோடு அப்படியே பொருந்துகிறது என்றும் காட்டினார்கள். அழகான வேலைதான். ஆனால் பாருங்கள், வாய் கூசாமல் முழுவதும் எனது என்று சொன்னால் எப்படியும் பாதிக்குக் குறையாது! அந்தக் காலத்து ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. ரெண்டு பேருமே முழுவதும் எனது என்றால் பாதி பாதி, ஆனால் இதில் எனக்குப் பாதிக்குக் குறையாது என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கணக்கை எடுத்துப் பேசுகிறவர்கள் அந்தச் சத்தியத்தை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பைபிளில் வரும் சாலமோன் ராஜா. ஒரே குழந்தையை ரெண்டு பெண்கள் என்னுடையது என்று சொல்லி அவர் முன்னால் வந்து நின்றார்கள். குழந்தையை வெட்டச் சொன்னதும் பெற்றவள் பதறினாள், மற்றவள் வெட்டு என்றாள், மாட்டிக்கொண்டாள். அந்தப் பொய்க்காரியும் ஐயோ வேண்டாம், அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கத்தியிருந்தால் ராஜா என்ன செய்திருப்பார்? 1989-ல் கிளேசர், மா என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இதற்கு வழி சொன்னார்கள். முதல்வரிடம் உன்னுடையதா என்று கேள். இல்லை என்றால் பொருள் அடுத்தவருக்கு. ஆமாம் என்றால் அடுத்தவரிடம் கேள். அவர் விட்டுக்கொடுத்தால் முதல்வருக்கே. அவரும் எனது என்றால், பொருள் அவருக்குத்தான், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும், முதல்வர் சின்னதாக அபராதம் கட்ட வேண்டும். சூட்சுமம் அந்த விலையில் இருக்கிறது. பொய்க்காரருக்குப் பொருள் பெறும் மதிப்பைவிட அதிகம், உரிமைக்காரருக்குப் பெறும் மதிப்பைவிடக் குறைவு. ரெண்டாவதாக நிற்பவர் பொய்க்காரர் என்றால் அந்த விலைக்கு வாங்க மாட்டார், விலகுவார். உரிமைக்காரர் என்றால் வாங்கிவிடுவார், அது தெரிந்து முதலில் நிற்கும் பொய்க்காரர் அபராதத்துக்குப் பயந்து முன்னாலேயே விலகுவார். கடைசியில் யாரும் ஒரு காசுகூடக் கொடுக்காமலேயே பொருள் உரியவரிடம் போய்ச் சேரும்.

முதல் தடவை படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. ரெண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. யாருக்குப் பொருள் அதிக மதிப்போ அவர்தான் உரிமைக்காரர் என்று முதலிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த மதிப்பைக் காசில் அளக்கிறார்கள், தீர்ப்பு சொல்பவருக்கு ரெண்டு மதிப்பும் தெரியும், எது யாருடையது என்பதுதான் தெரியாது என்கிறார்கள். பெற்றவள் கையில் காசே இல்லாமல், மற்றவள் பணக்காரியாக இருந்தால்? அந்த விலையைக் கேட்டதும் விலகப்போவது பெற்றவள்தான், அந்த முறையும் அவளைப் பொய்க்காரி என்றே குறித்துக்கொள்ளும்.

கடிகாரக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர் போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். பக்கத்து மனைக்காரர் நண்பரின் இடத்துக்குள் நாலடி தள்ளி வேலி போட்டுவிட்டாராம், ரெண்டு பேரும் சீட்டு எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார். உங்கள் இடத்துக்கு நீங்களே ஏலம் கேட்கப் போகிறீர்களா, முதலில் பத்திரத்தை எடுத்து அளந்து பாருங்கள் என்று பதில் போட்டேன். அளந்தாகிவிட்டதாம், அந்த நாலடி நண்பருடையதுதானாம், ஆனால் வழக்கு போட்டால் வருஷக்கணக்கில் இழுக்குமே என்கிறார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.