அந்தப் பட்டறைக்காரரின் படத்தை எடுத்துவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் படத்தை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். 2014 மாடல் ஸ்விஃப்ட், உருகி வளைந்த பின் பம்பர், அதற்குப் பக்கத்தில் தலை குனிந்து நிற்கும் பட்டறைக்காரர். மேலே "இந்த ஆளிடம் போய் ஏமாறாதீர்கள்" என்று ஒரு வரி. கீழே நூற்றுக்கணக்கான சிரிப்புகள். முன்கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நண்பர் ஒருவர் பலேனோ காரின் எக்ஸாஸ்டை, அதாவது எஞ்சின் புகையைப் பின்னால் வெளியேற்றும் குழாயையும் சைலன்சரையும், வாங்கி வந்து தன் ஸ்விஃப்டில் வெல்டிங் வைத்து மாட்டச் சொன்னார்; பம்பர் உருகியதும் பட்டறைக்காரரைக் குற்றம் சொல்லி இந்தப் படத்தோடு பதிவு போட்டார். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அந்த வண்டிக்கு நேர்ந்ததற்குக் காரணம் வெல்டிங் வைத்த கை அல்ல. பலேனோவுக்கு என்று செய்த எக்ஸாஸ்டை ஸ்விஃப்டுக்கு வாங்கி வந்த முடிவுதான் காரணம்.

"இரண்டிலும் ஒரே எஞ்சின்தானே, அதனால் பொருந்தும் என்றுதான் வாங்கினேன்" என்று அந்த நண்பரே எழுதியிருந்தார். ஒரே எஞ்சின் என்பது உண்மைதான். இரண்டுமே 1197 சிசி கே-சீரிஸ் பெட்ரோல். எஞ்சினோடு சேரும் இடத்தில் போல்ட் துளைகள் ஒத்துவந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் எஞ்சினில் மட்டும் மாட்டும் பொருள் அல்லவே. அது முன்னிருந்து பின் பம்பர் வரை வண்டியின் வயிற்றுக்கு அடியில், பெட்ரோல் டாங்கையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பின் ஆக்ஸிலையும் உரசாமல் ரப்பர்களில் தொங்கிக்கொண்டு போக வேண்டிய பொருள். அந்த ஸ்விஃப்டின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2430 மில்லிமீட்டர், பலேனோவுக்கு 2520. மொத்த நீளத்திலோ ஸ்விஃப்ட் 3850, பலேனோ 3995. அடித்தளமே வேறு வேறு. ஆக, நடுவில் 90 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும், பின்னால் மேலும் குறைக்க வேண்டும், வளைவுகளின் கோணத்தைத் திருப்ப வேண்டும், ரப்பர் மாட்டும் கொக்கிகளை அறுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு அதைப் பொருந்திய எக்ஸாஸ்ட் என்று எப்படிச் சொல்வது? பொருத்தப்பட்ட எக்ஸாஸ்ட் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பம்பர் உருகியதற்கும் இதுதான் காரணம். பெரிய வண்டியின் பின்புறத்துக்காக அளந்து செய்த சைலன்சர் டப்பாவைச் சின்ன வண்டியின் இடத்தில் அடக்கினால், அது பம்பரின் பிளாஸ்டிக்கை நெருங்கித்தான் உட்காரும். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் விரட்டினால் தெரியும்.

செக் எஞ்சின் விளக்கு எரிவதற்கும் பட்டறைக்காரரையே குற்றம் சொல்லியிருக்கிறார். வெல்டிங் சூட்டில் சென்சரை எரித்துவிட்டாராம். வாங்கி வந்த எக்ஸாஸ்டில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரே கிடையாது என்று அதே பதிவில் பெருமையாக எழுதியிருப்பதும் அவர்தான். கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சரின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னால் இருக்கும் சென்சரின் அளவு ஏறக்குறைய நிலையாக நிற்கும். கன்வர்ட்டர் வேலை செய்கிறது என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அறிந்துகொள்வது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். கன்வர்ட்டரை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோல ஏறி இறங்கும், விளக்கு எரியும். சென்சர் எரியவில்லை, ஐயா. அது உள்ளதைச் சொல்கிறது. பிஎஸ்-4 என்னும் மாசு அளவுகோலின் கீழ் வரும் பெட்ரோல் காருக்கு, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, புகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது புகைச் சோதனையின் விதி. கன்வர்ட்டர் இல்லாத வண்டியை அந்தச் சோதனைக்கு எந்த நம்பிக்கையில் எடுத்துப் போவார்?

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கோவையில் முப்பது ஆண்டுகள் சைலன்சர் வேலை செய்தவர். 2009ல் நான் பழைய எஸ்டீம் ஒன்று வைத்திருந்தேன். 1298 சிசி வண்டி. அதற்கு ஒரு பழைய பலேனோவின் சைலன்சரை, நான் சொல்வது அப்போது ஓடிய 1.6 லிட்டர் செடானின் சைலன்சரை, பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கிக் குழாயின் வாயை விரலால் அளந்துவிட்டு, "ஏங்கண்ணு, இது இந்த வண்டிக்குச் செஞ்சதில்லையே" என்றார். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அந்த இரண்டு வண்டிகளுக்கும் வீல்பேஸில் 115 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் செய்த வேலையை இன்றும் கண்முன் பார்க்கிறேன். குழாயை அறுத்து வைத்து முதலில் அங்கங்கே தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டிங் புள்ளிகள் மட்டும் வைத்தார். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, பின் இருக்கையில் இரண்டு பேரை உட்காரச் சொல்லி, சஸ்பென்ஷன் இறங்கிய நிலையில் ஆக்ஸிலுக்கும் குழாய்க்கும் நடுவே தன் நான்கு விரல்களை நுழைத்துப் பார்த்தார். மூன்றுதான் நுழைந்தன. கழற்றி, வளைவை மாற்றி, மறுபடி வைத்தார். முழு வெல்டிங் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஈரத் துணியைச் சுருட்டிக் குழாயின் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எங்காவது 'உஸ்' என்று காற்று கசிகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரு கசிவும் இல்லை. இதைவிடச் சுத்தமாக அந்த வேலையை யாரும் செய்திருக்க முடியாது.

அப்படியும் வண்டி கெட்டுத்தான் போனது. கீழ் கியரில் இழுவை குறைந்தது. சிறிய எஞ்சினுக்கு அகலக் குழாய் வைத்தால் புகையின் வேகம் குறைந்து, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது சிலிண்டரிலிருந்து அதை வெளியே இழுக்கும் விசையும் குறையும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கேபினுக்குள் ஒரு முழக்கம் காதை அடைத்தது. நான் என்ன செய்தேன்? நண்பர்கள் முன்னிலையில், "அப்பா ஒழுங்காக வெல்டிங் வைக்கவில்லை" என்றேன். அவர் பக்கத்தில் ரப்பர் புஷ்களைத் துடைத்துக்கொண்டு இருந்தார். நிமிரவில்லை, பதில் சொல்லவுமில்லை. அந்தப் படத்தில் பட்டறைக்காரர் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான்.

ஆகவே, "வெல்டர் மகன் வெல்டருக்குத்தான் பரிந்து பேசுவான்" என்று எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். நான் பரிந்துதான் பேசுகிறேன். அதனால் நான் சொல்லும் அளவுகள் பொய்யாகிவிடாது.

"தெரிந்தவர் என்றால் முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டியதுதானே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும், அங்கே அறுத்து ஒட்டியிருப்பார்கள், இவருடைய அன்றைய கூலி போயிருக்கும். இது சரியாக வராது என்று அவர் இரண்டு முறை சொன்னதாகவும், "நீங்கள் மாட்டுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தான் பதில் சொன்னதாகவும் வண்டிக்கார நண்பரே எழுதியிருக்கிறார். பார்த்துக்கொள்கிறேன் என்றவர், பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்ததும் கேமராவை எடுத்திருக்கிறார்.

"வெளிநாட்டில் எல்லாரும் செய்கிறார்கள்" என்பதற்கு நீளமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றில் ஒழுங்காக ஏற்றுபவர்கள் அளந்து, வரைந்து, கன்வர்ட்டரை வைத்து, ஈசியுவைத் திருத்தி, அதற்கான செலவையும் செய்கிறார்கள். பாதி விலைக்குக் கிடைத்தது என்பதற்காக எக்ஸாஸ்ட் வாங்குவது அந்தக் கணக்கில் சேராது. சட்டமும் இங்கே தெளிவாகவே இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்வது வண்டியின் உரிமையாளரைப் பார்த்துத்தான். சட்டத்துக்கே தெரிகிறது, பொறுப்பு யாருடையது என்று.

பம்பரும் விளக்கும் சத்தமும் போகட்டும். அந்தப் பதிவின் கடைசி வரியை யாரும் கவனிக்கவில்லையா? "பின் சீட்டில் லேசாகப் புகை வாசம் வருகிறது, பிள்ளைகள் தலைவலி என்கிறார்கள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார், அதற்கும் சிரிக்கும் முகங்களைப் போட்டிருக்கிறார்கள். ஓடும் ஹேட்ச்பேக்கின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவு. குழாயின் வாய் பம்பருக்கு வெளியே வராமல் உள்ளடங்கி முடிந்தால், புகை வண்டியின் முதுகோடு ஒட்டிச் சுழன்று, டிக்கிக் கதவின் ரப்பர் இடுக்கு வழியே உள்ளே வரும். கன்வர்ட்டர் இல்லாத வண்டியின் புகை அது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். அதன் முதல் அறிகுறியே தலைவலிதான். ஒரு மனிதரை அவமானப்படுத்தும் அவசரத்தில், தன் பிள்ளைகள் சொன்னதை அந்தத் தகப்பன் கேட்கவில்லை. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

நண்பரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சண்டைக்கு வரவில்லை. இன்றைக்கே அந்த எக்ஸாஸ்டைக் கழற்றிவிடுங்கள். அதுவரை பிள்ளைகளைப் பின் இருக்கையில் ஏற்ற வேண்டாம். அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பட்டறைக்காரரின் தலைக்குப் பின்னால், சுவரோரம் ஓர் இரும்புக் கம்பியில், உங்கள் வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி சைலன்சர் கன்வர்ட்டரோடு முழுதாகத் தொங்குகிறது. பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் அவருக்கு நல்ல காசு கிடைத்திருக்கும். அவர் போடவில்லை. அதன் மேல் சாக்பீஸால் உங்கள் வண்டி எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.