12 கியர் அப்புறம், முதலில் முன் டயர்

தோட்டத்துப் பாதையில் மௌண்டன் சைக்கிள் ஓட்டத் தொடங்கும் தம்பிகள் ஆறு மாதத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: "அண்ணே, 12 கியருக்கு மாத்திடவா?" வேண்டாம் தம்பி. அந்தக் காசில் முன் சக்கரத்துக்கு நல்ல டயர் ஒன்று போடு. பின்னால் 10 கியர் தாராளம். மிச்சத்தில் இரண்டு செயின் வாங்கி அலமாரியில் வை. பட்டணத்தை விட்டுக் கொஞ்ச தூரம் மிதித்தாலே செம்பனையும் பால்மரமும் தொடங்கிவிடும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களுக்கு என் கணக்கு இதுதான். ஏன் என்று எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மண். யூடியூப்பில் டயரைப் புகழ்கிறவர் பெரும்பாலும் காய்ந்த பாறையிலோ குளிர்நாட்டுக் காட்டிலோ ஓட்டுகிறார். நமக்கு ஒரே சவாரியில் மூன்று தரை. லோரி போகும் செம்மண் சாலை வெயிலில் சிமெந்தாக இறுகி, மேலே பட்டாணி அளவு கல் உருண்டு கிடக்கும். மழை விழுந்த பத்து நிமிஷத்தில் அதன் மேல்தோல் மட்டும் சவர்க்காரமாகிவிடும், அடி கெட்டியாகவே இருக்கும். செம்பனை வரிசைக்குள் குலை இறக்கும் பாதையில் களிமண் இருந்தால் டயரில் ஏறியது இறங்காது. பால்மரத் தோப்பில் சேறு குறைவு. ஆனால் ஈர வேர், அழுகிய இலை, அதற்கடியில் ஒளிந்திருக்கும் ரப்பர் கொட்டை.

"மழை ஊராச்சே, சேற்று டயர் போடு" என்று கடையில் சொல்வது பாதிதான் சரி. உயரமான, தள்ளித் தள்ளி நிற்கும் பட்டன்கள் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள், மலாய்க்காரர்கள் இவற்றைப் பூ என்றே சொல்வார்கள்) ஆழமான சேற்றில்தான் வேலை செய்யும். சேற்றைக் குத்திக் கீழே உள்ள மண்ணைப் பிடிக்க வேண்டும், சுழலும்போது சேற்றை உதற வேண்டும். அதற்குத்தான் அந்த உயரம். நம் செம்மண் சாலையில் வழுக்கல் சில மில்லிமீட்டர்தான், அடியில் கல். அங்கே உயரமான பட்டன் குத்த இடமில்லாமல் சாய்ந்து நெளியும். வளைவில் டயர் மிதப்பது போலத் தோன்றுவது அதனால்தான். ஈர வேரில் இன்னும் மோசம், பட்டன் உயரத்துக்கு அங்கே வேலையே இல்லை. மென்மையான ரப்பரும் குறைந்த காற்றும்தான் வேரைப் பிடிக்கும்.

ஆகவே முன்னால் 2.4 அல்லது 2.5 அங்குல அகலம், நடுத்தர உயரப் பட்டன், ஓரப் பட்டன்கள் தடித்து வரிசையாக நிற்பது, மென்மையான ரப்பர். மேக்சிஸ் கம்பெனி டயர் என்றால் மினியன் டிஎச்எஃப் அல்லது ஹைரோலர், ரப்பர் வகை மேக்ஸ்டெரா. இதே டயரை மலிவான கெட்டி ரப்பரிலும் விற்கிறார்கள். பெயர் ஒன்று, பட்டன் ஒன்று, ஈர வேரில் குணம் மட்டும் வேறு. டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பல சைக்கிள்களில் கடையிலிருந்தே வரும் மேக்சிஸ் ஆர்டென்ட்டை நான் முன்னால் வைக்கமாட்டேன். நடுப் பட்டனுக்கும் ஓரப் பட்டனுக்கும் இடைவெளி அதிகம். சாயும்போது ஒரு கணம் எதுவுமே பிடிக்காது, பிறகு திடீரென்று பிடிக்கும். பின்னால் போட்டு அது தேயட்டும்.

பின் டயர் 2.25 முதல் 2.35 போதும், ரப்பர் கெட்டியாக இருக்கலாம், பக்கச்சுவர் மட்டும் தடித்ததாக இருக்கட்டும். பின்னால் அகலத்தைக் கூட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தப்பு. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே பக்கத்துக்கு 6 மில்லிமீட்டராவது வேண்டும். இல்லாவிட்டால் களிமண் அங்கே அடைந்து சக்கரம் நின்றுவிடும், அதற்குமுன் ஃபிரேமின் பெயிண்டை உரித்துவிட்டிருக்கும்.

காற்று. 70 கிலோ ஆள், ட்யூப்லெஸ், 2.4 டயர் என்றால் முன்னால் 21 முதல் 23 பி.எஸ்.ஐ, பின்னால் 24 முதல் 26. ட்யூப் போட்டிருந்தால் 28க்குக் கீழே இறங்காதீர்கள், பாலப் பலகை விளிம்பில் ட்யூப் நசுங்கிப் பாம்புக்கடி மாதிரி இரட்டை ஓட்டைதான். 40 ஏற்றிக்கொண்டு "டயர் வழுக்குது" என்று டயரைக் குறை சொல்வது நியாயமில்லை. மோட்டார் கடை மீட்டரை நம்பாமல், 60 பி.எஸ்.ஐக்குள் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ட்யூப்லெஸ் இங்கே ஆடம்பரமில்லை. செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இருக்கும் முள் காய்ந்தபின் ஆணிதான். ட்யூப் ஓட்டினால் ஒட்டுப் போட்டே காலை போய்விடும். 29 அங்குலம், 2.4 டயருக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). பாட்டிலில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும் நம் வெப்பத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்ஊசியைக் கழற்றி, மெல்லிய குச்சி விட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். குச்சி காய்ந்து வந்தால் 60 மி.லி. ஊற்றுங்கள். ரிம் டேப் ரிம்மின் உள்அகலத்தைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் கூடுதலாக, ஓரம் வரை இழுத்து ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காவிட்டால் ஒரு வாரத்தில் ஸ்போக் ஓட்டை வழியாகக் காற்று கசியும். புது டயர் ரிம்மில் உட்கார மறுத்தால், ட்யூப் போட்டு ஓர் இரவு காற்றேற்றி வையுங்கள். மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ட்யூபை உருவிவிட்டு, சோப்புத்தண்ணீர் தடவி, உள்ஊசி இல்லாமல் வேகமாகக் காற்று விடுங்கள். டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம்.

பல சீலன்ட்களில் அடிப்பொருள் ரப்பர் பால்தான். அதனால் "மரத்தில் கட்டிய மங்கில் இறங்கும் பாலையே ஊற்றினால் என்ன?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார். மருந்து சேர்க்காத பால் சில மணி நேரத்தில் கட்டிவிடும், டயருக்குள் ஒட்டுப்பால் உருண்டைதான் ஓடும். அம்மோனியா ஊற்றிய பால் கட்டாது, ஆனால் அம்மோனியா பித்தளைக்கு ஆகாது, வால்வில் பித்தளை இருக்கிறது. சீலன்ட் டப்பாவையே வாங்கிவிடுங்கள்.

முள் போட்ட ஓட்டையைச் சீலன்ட் அடைக்கும். வெட்டிய மட்டையின் சாய்ந்த முனை பக்கச்சுவரைக் கிழித்தால் அடைக்காது. அதற்குப் புழு மாதிரி இருக்கும் அடைப்பான், அதுவும் போதாவிட்டால் பழைய டயரில் வெட்டிய துண்டை உள்ளே வைத்து ட்யூப். மட்டை அடுக்கிய வரிசைக்குள் போகாதீர்கள். குலை வெட்டு நடக்கும் பக்கம் போகவே போகாதீர்கள், 20 கிலோ குலை தலையைப் பார்த்து விழாது. தோட்ட ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டால் எந்தப் பக்கம் வெட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

இனி கியர். நம் மண் செயினுக்கு எமன். நைசான செம்மண் எண்ணெயில் குழைந்தால் அது அரைக்கும் பசை. 12 கியர் செயினை 0.5 விழுக்காடு நீண்டதும் மாற்ற வேண்டும், 10 கியர் செயின் 0.75 வரை தாங்கும். அளக்கத் தனிக் கருவிகூட வேண்டாம், இரும்பு ரூலர் போதும். ஒரு பின்னின் நடுவில் சுழியை வைத்தால் 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டினால் அரை விழுக்காடு. நேரத்தில் மாற்றினால் ஒரு கேஸட்டில் (பின்சக்கரப் பற்களின் அடுக்கு) இரண்டு மூன்று செயின் ஓடும். மாற்றாமல் விட்டுக் கேஸட் பல் தேய்ந்தபின் புதுச் செயின் போட்டால், ஏற்றத்தில் அழுத்தும்போது "டக்" என்று தாவும். கேஸட்டும் போச்சு.

ஷிமானோ டியோர் 10 கியரில் 11-46 கேஸட் (சின்னப் பல்சக்கரம் 11 பல், பெரியது 46) கிடைக்கிறது, பழைய 8, 9 கியர் ஹப்பிலேயே (சக்கரத்தின் நடுப்பகுதி) உட்காரும். டியோர் 12 கியரின் 10-51 கேஸட்டுக்கு மைக்ரோ ஸ்ப்ளைன் என்னும் வேறு ஃப்ரீஹப் (ஹப்பில் கேஸட் மாட்டும் உருளை) வேண்டும். ஹப் ஏற்காவிட்டால் சக்கரமே மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கடைசியில்தான் சொல்வார்கள். மலிவான 7 கியர் சைக்கிளில் கேஸட்டே இருக்காது, திருகிப் போடும் ஃப்ரீவீல்தான். பற்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். கருவி நுழையும் நடு வளையம் கூடவே சுற்றினால் கேஸட், அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

2023இல் வந்த ஷிமானோ கியூஸ் எனக்குப் பிடிக்கும். பல் தடித்தது, கேஸட் மூன்று மடங்கு உழைக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. எடை கூட, தோட்டத்தில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் கியூஸ் கேஸட்டைப் பழைய டியோர் ஷிஃப்டரோடு (ஹேண்டிலில் கியர் மாற்றும் பிடி) கலந்தால் கியர் ஒழுங்காக விழாது. ஷிஃப்டர், ஆர்டி (பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி), கேஸட் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தால் சேற்றில் சின்னப் பல் செயினை இழுத்துக்கொண்டு ஃபிரேமில் சொருகும். ஒற்றைக்கு மாற்றுவது சரியே, ஆனால் கணக்குப் போட்டு மாற்றுங்கள். பழைய 22 முன், 36 பின் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் 0.61 சுற்று. பலர் 32 முன், 42 பின் போட்டுவிட்டு 0.76இல் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள். 30 முன், 46 பின் போட்டால் 0.65, பழையதற்குப் பக்கம். சமதளத்தில் 30-11ஐ நிமிஷத்துக்கு 90 மிதி மிதித்தால் 29 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 33 கிலோமீட்டர் கிட்ட வரும். அதற்குமேல் தோட்டத்துக்குள் எங்கே அவசரம்? அந்த ஒற்றைப் பல்லில் ஒரு பல் ஒல்லி ஒரு பல் தடிப்பு என்று மாறிமாறி இருக்க வேண்டும், ஆர்டியில் கிளட்ச் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேர் மேல் குதிக்கையில் செயின் கழலும்.

கழுவுவதற்கு வாளி, பிரஷ், பாத்திர சோப்பு. மோட்டார் கழுவும் பிரஷர் பைப்பை ஹப்புக்கும் பெடல் அச்சுக்கும் நேரே பிடித்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். செயின் காய்ந்தபின் ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு, ஐந்து நிமிஷம் பெடலைப் பின்பக்கம் சுற்றி, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மோட்டார் எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், அடுத்த சவாரியில் பாதி சாலை செயினில் ஒட்டிக்கொண்டு வரும்.

கடைசியாக ஹேங்கர், ஆர்டியைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. மட்டை ஈர்க்கோ குச்சியோ ஆர்டிக்குள் புகுந்து சத்தம் கேட்டால் அந்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள், இன்னும் அரை மிதி மிதித்தால் உடைவது ஆர்டி. சின்னப் பற்களில் கியர் ஒழுங்காகவும் பெரிய பற்களில் தகராறாகவும் இருந்தால் கேபிளை முறுக்காமல், பின்னால் நின்று ஆர்டி கேஸட்டுக்கு நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். வளைந்த ஹேங்கரோடு பெரிய பல்லுக்குத் தள்ளினால் ஆர்டி ஸ்போக்கில் மாட்டும், ஆர்டி, ஸ்போக், சில சமயம் ஃபிரேம், மூன்றும் ஒரே சத்தத்தில் போகும். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு, உடைந்த அன்றைக்கு ஈப்போவுக்கே போனாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சைக்கிள் வாங்கும் அன்றே இரண்டு கேட்டு வாங்கி, ஒன்றை செயின் இணைப்புக் கண்ணியோடு சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.