காலி மனைக்கும் ஒரு வரி இருக்கிறது

சென்னையின் தெற்கு எல்லையில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் மனை, வீட்டு விலை இப்படி ஏறியதற்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம்தான் காரணம் என்று சொல்லாதவர் இல்லை. பாதி உண்மை. முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30-ல். ஆனால் பஸ் வருவதற்கு வெகு முன்னாலேயே விலை வந்து உட்கார்ந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து இங்கே வரவேண்டிய மெட்ரோவைப் புரோக்கர்கள் இப்போதே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், டிக்கெட்டையும் நம்மிடமே வாங்கிக்கொள்கிறார்கள்.

மாதச் சம்பளக்காரரின் கணக்கைப் பார்ப்போம். புது ஃபிளாட் 60 லட்சம் என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த அளவுக் கடன் என்றால் வீட்டு விலையில் 80 சதவீதம்தான் கிடைக்கும். அதாவது 48 லட்சம். கையிலிருந்து 12 லட்சம். ஃபிளாட் விலை 50 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது 4.20 லட்சம், அதற்கு வங்கி தராது. ஆக, சாவி வாங்கும் முன்பே 16 லட்சத்துக்கு மேல் ரொக்கம் வேண்டும். அப்புறம் 20 வருடம், 8 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 40,000 தவணை. நகையை அடகு வைக்காமல், ஊர் நிலத்தை விற்காமல் இது எத்தனை பேருக்கு முடியும்?

தனி மனை வாங்கப் போனால் இன்னொரு சிக்கல். மார்க்கெட் ரேட் ஒன்று, பத்திரத்தில் போடுவது ஒன்று. பத்திரத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துத்தான் வங்கி கடன் தரும். மீதியைக் கையில் கொடுக்க வேண்டும். கறுப்பு வைத்திருப்பவருக்கு இது வசதி, சம்பளக்காரருக்கு முட்டுச்சுவர். பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலைதான் வழிகாட்டி மதிப்பு. 2017-ல் அதை 33 சதவீதம் குறைத்தபோது இந்த இடைவெளி பெரிதானது. 2023 ஏப்ரலில் அதைப் பழைய நிலைக்கே ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்தார்கள். எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது, இப்போதும்தான்.

ஆனால் என் உண்மையான எரிச்சல் காலி மனைகள் மேல். எங்கள் பக்கம் எந்த லே-அவுட்டில் நுழைந்தாலும் கல் நட்டு, முள் மண்டி, மழைக்குத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் மனைகள். சொந்தக்காரர் எங்கோ இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கொசு அடிக்கிறார். அரசு செலவில் முனையமும் சாலையும் வர வர, ஒரு செங்கல் வைக்காமலே அவர் சொத்து பெருகுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கோ வருடா வருடம் ஏற்றம்தான். அட்வான்ஸ் மூன்று மாதம் என்று வாடகைச் சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுத்துவிட்டது.

காலிமனை வரி ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் விலை ஏறும் வேகத்தின் முன் அது தூசு. ஐந்து வருடத்துக்கு மேல் சும்மா கிடக்கும் மனைக்கு ஆண்டுதோறும் அதைக் கூட்டிக்கொண்டே போகட்டும். மகள் கல்யாணத்துக்கென்று ஒரே ஒரு கிரவுண்டு வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயம். வேறு சொத்து இல்லாதவருக்கு விலக்குக் கொடுங்கள். நாலு லே-அவுட்டில் நாலு மனை வைத்திருப்பவர் வரியைக் கட்டட்டும், இல்லையென்றால் விற்கட்டும்.