சைக்காலஜி பிள்ளைகளை ஏர்வாடிக்கு அனுப்புங்கள்

சைக்காலஜி படிக்கிறேன் என்றால் எங்கள் தங்கச்சிமடத்தில் இரண்டே கேள்விதான். "என் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்." அப்புறம், "பைத்தியத்துக்கா படிக்கிற?" இரண்டாவது கேள்விக்கு முன்பெல்லாம் சுள்ளென்று கோபம் வரும். இப்போது வருவதில்லை. மனநோய் குணமாக வேண்டுமென்று குடும்பங்கள் தேடிவரும் தர்கா உள்ள ஏர்வாடி இருக்கிற மாவட்டத்துக்காரர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

கோயம்புத்தூரில் முதல் வருடம் ஃப்ராய்டு, பாவ்லோவ் என்று ஓடியது. அறிகுறிப் பட்டியல் கைக்கு வந்த வாரத்தில் எங்கள் ஹாஸ்டலில் நோயில்லாத ஆளே இல்லை. புத்தகத்தை வரிசையாக அடுக்கினால் ஓசிடி, இரண்டு நாள் பேசாமல் இருந்தால் டிப்ரஷன். இன்ஸ்டாகிராமில் பாதிப் பேர் இன்னும் அந்த வாரத்திலேயேதான் இருக்கிறார்கள், அது வேறு கதை.

கடைசி வருடம் இன்டர்ன்ஷிப்புக்குத் தோழிகள் சென்னையில் ஏசி அறை கவுன்சலிங் சென்டராகப் பார்த்துப் போனார்கள். நான் ஊர்ப்பக்கம் வந்து, ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்து கொடுக்கும் அரசுக் குழுவோடு சேர்ந்துகொண்டேன். மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்கிற 'தவா–துவா' முறை. குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் 2008இல் தொடங்கியது.

அங்கே சாத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மகனோடு வாடகை அறையில் தங்கியிருந்தார். வயர் கூடையில் தர்கா விளக்கிலிருந்து எடுத்த எண்ணெய் பாட்டிலும் மாத்திரைப் பட்டைகளும் ஒன்றாகவே கிடக்கும். காலையில் மகன் நெற்றியில் எண்ணெயைத் தடவிவிட்டு, தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீரில் மாத்திரையைக் கொடுப்பார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "மாத்திரையத் தண்ணியில முழுங்கணும்னுதான தாயி டாக்டர் சொன்னாரு, எந்தத் தண்ணின்னு சொல்லலையே" என்றார். வேறு தண்ணீரில் கொடுத்தால் அந்தப் பையன் துப்பிவிடுவானாம்.

இதை எங்கள் பாடப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது? தர்காவுக்குப் போகிறவர்களை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று செமினாரில் பேசிக் கைத்தட்டு வாங்குவது சுலபம். அங்கே உண்மையான சிக்கல் வேறு. ஊருக்குப் போகலாம் என்று தர்கா மகானிடமிருந்து கனவில் உத்தரவு வந்தால், குணமாகிவிட்டது என்று குடும்பம் மூட்டை கட்டிவிடும். ஊருக்குப் போனதும் மாத்திரை நின்றுவிடும், கொஞ்ச நாளில் நோய் திரும்பும். அதனால் கிளம்புகிறவர்களிடம் கனவைப் பற்றி வாக்குவாதம் செய்யாமல், கையில் மாத்திரையும் அவர்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசு ஆஸ்பத்திரியின் பெயரும் கொடுத்தனுப்ப வேண்டும். இதைக் கற்றுக்கொண்டதுதான் இந்த மூன்று வருடத்தில் எனக்கு உருப்படியான வளர்ச்சி. வீட்டில் அத்தையிடம்கூட இப்போது கொஞ்சம் பொறுமையாகப் பேச வருகிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. இதில் நம்பிக்கை, வழக்கம், வசதியின்மை என்று எந்தச் சமாதானமும் எனக்கு வேண்டாம். அமெரிக்கப் பரிசோதனைகளைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த எங்கள் வகுப்பில் இந்தத் தீ பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

துறைத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த செட்டிலிருந்து நாலு பிள்ளைகளையாவது இந்தப் பக்கம் அனுப்பிப் பாருங்கள். தூரம் என்று சொல்லாதீர்கள். நான் படித்த காலமெல்லாம் பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்து, மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தே வீடு போய்ச் சேர்ந்தேன். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாடும் இல்லை. இராமநாதபுரத்தில் இறங்கினால் கீழக்கரை வழியாக ஏர்வாடிக்கு பஸ் இருக்கிறது.