அம்மா பார்க்காத தரை

“ஒண்ணும் வாங்கண்டா சேச்சி, சும்மா கண்டா மதி.” ஒன்றும் வாங்க வேண்டாம் அக்கா, சும்மா பார்த்தால் போதும் என்று அர்த்தம். கொச்சி ஆட்டோக்காரர் ஒருவர் கடைக்குக் கடை இதைச் சொல்ல, ஒரே நாளில் ஐந்து தடவை கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கொச்சியில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பகல். ராத்திரி ரயில். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூத ஜெபாலயத்தின் தரையைப் பார்க்க வேண்டும் என்பது அவள் பல வருஷ ஆசை. 18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த நீல வெள்ளை ஓடுகள், எல்லாம் கையால் வரைந்தவை. தினமும் வாசலில் கோலம் போடுகிறவளுக்கு அது போதும். வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை கிடையாது, சனிக்கிழமை ஜெபாலயம் கிடையாது என்பதையெல்லாம் விசாரித்து வியாழக்கிழமையாகப் பார்த்து டிக்கெட் போட்டேன்.

ஃபோர்ட் கொச்சியில் படகை விட்டு இறங்கியதுமே ஆட்டோ. எல்லா இடமும் காட்ட இருநூறு ரூபாய் என்றார். சரி என்று ஏறினோம்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த இடம் இருக்கிறது. உடலைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா அந்தக் கல்லருகே போய் நிற்பதற்குள் வெளியே ஹாரன். சீனவலையிலும் அதே கதைதான். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கட்டித் தொங்கும் பாறாங்கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, வலை தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்துகொண்டிருந்தது. மீன் ஏதாவது விழுந்ததா என்று பார்க்கக்கூட விடவில்லை. “டைம் இல்ல சேச்சி.”

எதற்கு டைம் இல்லை? கம்பளக் கடைக்கு. அப்புறம் மரச்சிற்பக் கடை, நகைக்கடை, வாசனைப் பொருள் கடை, மறுபடி ஒரு கம்பளக் கடை. வாசலில் நிற்கும் காவலாளி ஆட்டோ நம்பரை நோட்டில் குறித்துக்கொள்கிறார். பத்து நிமிஷமாவது உள்ளே இருந்தால்தான் ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பனாம். ஒரு கடையிலிருந்து நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. திரும்ப உள்ளே போகச் சொன்னார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா மறுபடி படியேறினாள்.

வாசனைப் பொருள் கடையில் வெறுங்கையோடு வெளியே வர அவளுக்குச் சங்கடம். நூறு கிராம் ஏலக்காய் வாங்கினாள். நாங்கள் போடிநாயக்கனூர்க்காரர்கள். ஏலக்காயை ஏலம் போடுகிற ஊரிலிருந்து வந்து, கடைக்காரர் முகத்துக்காகக் கொச்சியில் ஏலக்காய் வாங்க வேண்டியதாகிவிட்டது.

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் போய்ச் சேர்ந்தபோது ஜெபாலயத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஓட்டுநரின் வயிற்றுப்பாடு புரியாமல் இல்லை. அண்ணே, அறுநூறு வேண்டும் என்றால் அறுநூறு என்று நேராகக் கேளுங்கள், கொடுத்துவிட்டுப் போகிறேன். இருநூறு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு மீதியை எங்கள் பகலிலிருந்து எடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய கோபம் ஆள் பிடித்துவரக் கூப்பன் கொடுக்கிற கடைகள் மேல்தான். 1341 வெள்ளத்தில் பெரியாறு திறந்துவிட்ட துறைமுகம் என்று சொல்லப்படும் ஊர் இது. அரபிகள், சீனர்கள், போர்த்துகீசியர், டச்சுக்காரர்கள் என்று எத்தனையோ பேர் வந்து சரக்கு வாங்கிப் போன இடம். அங்கே நல்ல சரக்கு இருந்தால் நாங்களே தேடி வரமாட்டோமா? எழுபது வயது அம்மாவைப் படியேற்றி, நிமிஷக் கணக்குப் பார்த்து உட்கார வைத்துத்தான் விற்க வேண்டுமா?

திரும்பி வரும் படகில் அம்மா கேட்டாள், “அந்தத் தரை எப்படி இருக்கும்னு போன்ல காட்டு.” எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி, படகு எர்ணாகுளத்தில் ஒதுங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள்.