சிம்பெர்க் வீட்டுப் படத்தில் சாவைத் தேடாதீர்கள்

பின்லாந்து ஓவியர் ஹூகோ சிம்பெர்க் நூறு வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டாரை எடுத்த புகைப்படங்கள் அவ்வப்போது இணையத்தில் சுற்றிவரும். பார்க்கிறவர்கள் பலர் உடனே சொல்வது, அந்த முகங்களில் ஏதோ அமானுஷ்யம் இருக்கிறது, கண்களில் மரணம் தெரிகிறது என்பதுதான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் அவருடைய ஓவியங்கள். 1896இல் அவர் வரைந்த 'மரணத்தின் தோட்டம்' படத்தில் கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் பூச்செடிகளைப் பராமரிக்கின்றன. 1903இல் வந்தது 'காயமுற்ற தேவதை'. ஹெல்சின்கியின் அட்டெனியம் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தைத்தான் 2006இல் நடந்த வாக்கெடுப்பில் பின்லாந்து மக்கள் தங்கள் தேசிய ஓவியமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அதே ஆள் எடுத்த குடும்பப் படத்தைப் பார்த்தால், பாட்டி சும்மா உட்கார்ந்திருந்தாலும் பயமாகத்தான் இருக்கும்!

சரி, அந்தக் கண்கள்? அது முழுக்க வேதியியல். அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாகக் கேமராவில் வைத்த கண்ணாடித் தகடுகளுக்கு நீல நிறம் நன்றாகவே தெரியும், சிவப்பு அனேகமாகத் தெரியாது. அதனால் நீல வானம் வெள்ளையாக வெளுத்துவிடும். நீலக் கண்களும் அப்படியே வெளுத்துப்போய்ப் பாவை மட்டும் கரும்புள்ளியாக நிற்கும். கன்னச் சிவப்பும் தோலில் உள்ள செம்புள்ளிகளும் கறுத்து விழும். நீலக் கண்காரர்கள் நிறைந்த நாட்டில் எந்தக் குடும்பத்தை எடுத்திருந்தாலும் இதே 'பேய்ப் பார்வை' வந்திருக்கும். எடுத்தவர் ஓவியராக இருந்தால் என்ன, தபால்காரராக இருந்தால் என்ன.

இன்னொன்றும் சொல்வார்கள்: அசையாமல் ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை என்று. 1850களுக்கு இது பொருந்தலாம். 1900 வாக்கில் உலர் தகடுகள், அதாவது ரசாயனம் முன்கூட்டியே பூசிக் காயவைத்த கண்ணாடித் தகடுகள், சர்வசாதாரணம். நல்ல வெயிலில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் போதும். விறைப்பு அப்போது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. காசு கொடுத்து ஸ்டுடியோவுக்குப் போய், வரைந்த திரைக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒருவர் சொல்கிறபடி நிற்கும்போது யாருக்குத்தான் சிரிப்பு வரும்? சிம்பெர்க் எடுத்ததோ சொந்தபந்தங்களை. அன்றைய பின்லாந்தின் வைபோர்க் நகரத்துப் பக்கம் நியெமென்லவுத்தா என்ற இடத்தில் அவர்கள் குடும்பத்துக்குக் கோடை வீடு இருந்தது. அங்கே கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவன் வீட்டுப் பிள்ளை. எனக்கு அந்தப் படங்களில் தெரிவது அந்த உரிமைதான்: சீக்கிரம் எடுத்து முடியேன் என்கிற மாதிரியான முகங்கள்.

புகைப்படத்தில் ஓவியத்தைத் தேடுவதைவிட ஓவியத்தில் புகைப்படத்தைத் தேடினால் ஏதாவது கிடைக்கும். 'காயமுற்ற தேவதை'க்காக அவர் மாடல்களைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டார். ஓவியத்தில் கண்ணில் கட்டுப் போட்ட சிறுமியை இரண்டு பையன்கள் தூக்கிப் போகிறார்கள். முன்னால் போகிறவன் தன் பாட்டுக்கு நடக்கிறான். பின்னால் இருப்பவன் மட்டும் தலையைத் திருப்பி நேராக நம்மை முறைக்கிறான். அசப்பில் அது கேமராவைப் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வையை விட்டுவிட்டால் அது அழகான ஒரு தேவதைக் கதைப் படம், அவ்வளவுதான். போட்டோ பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

இப்போது இந்தப் படங்களுக்குக் கணினி வைத்து வண்ணம் ஏற்றிப் போடுகிறார்கள். மேலே சொன்னபடி, வெள்ளையாகத் தெரியும் உடை வெளிர்நீலமாகவும் இருந்திருக்கலாம். கறுப்பாகத் தெரிவது நல்ல சிவப்பாகவும் இருந்திருக்கலாம். தகட்டிலேயே பதியாத நிறத்தை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? போதாததற்கு உதட்டை அசைத்துச் சிரிக்க வேறு வைக்கிறார்கள். அப்புறம் அமானுஷ்யம் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

சிம்பெர்க் 1917 ஜூலையில், 44 வயதில் இறந்துபோனார். பின்லாந்து சுதந்திரம் அறிவித்தது அதே வருஷம் டிசம்பரில். நியெமென்லவுத்தா இருந்த பகுதி இரண்டாம் உலகப் போரோடு சோவியத் வசம் போய்விட்டது, இன்று ரஷ்யாவில் இருக்கிறது. அவர் எடுத்த படங்கள் பின்லாந்து தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. வண்ணம் பூசியதைப் பகிர்வதற்கு முன் அங்கே போய் அசலை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். முடிந்தால் எடுத்தவர் பெயரை மறந்துவிட்டுப் பாருங்கள்.