கேட்கப்பட்டது ஒன்று, நாம் சொல்லும் பதில் வேறொன்று

என்னுடைய பழைய வேதாகமத்தைப் புரட்டினால், கோடு போட்டு வைத்திருக்கும் வசனங்கள் எல்லாம் "பயப்படாதே", "நான் உன்னோடே இருக்கிறேன்" என்கிற வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன. கர்த்தர் கேட்ட ஒரு கேள்வியின் கீழேகூட நான் கோடு போட்டதில்லை. வாக்குத்தத்தங்களைத் தேடி வாசிப்பதில் தவறு இல்லைதான். ஆனால் பல வருஷங்களாக ஆறுதலை மட்டும் எடுத்துக்கொண்டு, விசுவாசத்தில் ஏன் இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்று குழம்பிக்கொண்டிருந்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாவத்தில் விழுந்த மனிதனிடம் தேவன் பேசிய முதல் வார்த்தையே ஒரு கேள்வி: "நீ எங்கே இருக்கிறாய்?" ஆதாம் எந்த மரத்தின் பின்னால் நிற்கிறான் என்று தெரியாமல் அவர் கேட்கவில்லை. ஆதாமின் பதிலைக் கவனித்தால், எங்கே என்று கேட்டதற்கு அவன் ஏன் ஒளித்துக்கொண்டான் என்பதைச் சொல்கிறான். அடுத்த அதிகாரத்தில், தம்பியைக் கொன்ற காயீனிடம் "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே" என்று கேட்டால், அவன் எதிர்க்கேள்வி போடுகிறான். எஜமானியை விட்டு ஓடிவந்த அடிமைப்பெண் ஆகாரிடம் வனாந்தரத்தில் எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. யாரைவிட்டு ஓடிவந்தாள் என்பதைச் சொல்கிறாள், எங்கே போகிறாள் என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. இப்படித் தேடிக்கொண்டே போனபோது எனக்குப் புலப்பட்டது, வேதத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர்கள் மிகவும் குறைவு என்பதுதான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே விழுகிற அந்த இடைவெளியில்தான் அந்த மனிதர் யார் என்பது தெரிகிறது.

பெதஸ்தா குளத்தருகே கிடந்தவன் எத்தனை வருஷம் வியாதியாயிருந்தான் என்று சிறுவயதில் வேத வினாடி வினாவில் கேட்பார்கள். 38 என்று முதலில் கை தூக்கிச் சொன்னவன் நான். இயேசு அவனிடம் கேட்ட கேள்வியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" ஆம் என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். கலங்கும் தண்ணீரில் முதலில் இறங்குகிறவன் சொஸ்தமாவான் என்பது அங்கே கிடந்தவர்களின் நம்பிக்கை. அவனோ, தண்ணீர் கலங்கும்போது தன்னைக் குளத்தில் கொண்டுபோய் விட ஒருவரும் இல்லை என்றும், தான் போவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்றும் சொல்கிறான். விருப்பத்தைக் கேட்டால் அவன் முறையீட்டைச் சொல்கிறான். அந்தப் பதில் பொய் அல்ல, அவனுடைய நிலைமை உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஆனாலும் 38 வருஷத்தில் அந்த முறையீடு அவனுக்குப் படுக்கையைப் போலப் பழகிப்போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதே கேள்வியை நோயாளிகளின் கட்டிலருகே நின்று, உனக்கு விசுவாசம் போதவில்லை என்று குத்திக்காட்டுவதற்குப் பயன்படுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது, துன்பத்தில் கிடந்த யோபுவையே குற்றவாளியாக்கிய அவன் சிநேகிதர்கள் செய்த வேலை. பெதஸ்தாவில் அந்த மனிதன் ஆம் என்று சொல்லவே இல்லை, தன்னைக் குணமாக்கியவர் யார் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் இயேசு அவனை எழுந்து நடக்கச் செய்தார். வேதத்தின் கேள்விகளை முதலில் தனக்கே கேட்டுக்கொள்ளாதவன் அவற்றைப் பிறர்மேல் எறியக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது எலியா தீர்க்கதரிசியிடம் கேட்கப்பட்ட கேள்வி. தன் உயிரை வாங்கத் தேடியவர்களுக்குத் தப்பி ஒரு கெபிக்குள், அதாவது குகைக்குள், ஒளிந்திருந்தவனிடம் கர்த்தர், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்கிறார். தான் பக்திவைராக்கியமாயிருந்ததையும், ஜனங்கள் உடன்படிக்கையைத் தள்ளிவிட்டதையும் சொல்லி, "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்கிறான். பிறகு பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அமர்ந்த மெல்லிய சத்தம். மறுபடியும் அதே கேள்வி. அதே பதில், அநேகமாக வார்த்தைக்கு வார்த்தை. இத்தனைக்கும், 100 தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்துப் பராமரித்ததாக ஆகாப் ராஜாவின் அரமனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியா அவனிடம் நேரில் சொல்லியிருந்தான். தான் மாத்திரம் மீதியாயிருக்கவில்லை என்பது எலியாவுக்குத் தெரியும். மனப்பாடமான புலம்பலுக்குள் அந்த 100 பேருக்கு இடமில்லாமல் போய்விட்டது. 7,000 பேரை மீதியாக வைத்திருப்பதாகக் கர்த்தர் பிறகுதான் சொல்கிறார்.

இதை வாசித்த காலத்தில் எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு இல்லை. வீட்டைப் பாகம் பிரித்த விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது; இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. காலை ஜெபத்துக்குப் பின் இந்தக் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி, அதன் கீழே என் பதிலை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ஐந்து மாதம் கழித்து மறுபடியும் அதே கேள்வியை எடுத்து எழுதிவிட்டு, பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே வரிசை, அதே உதாரணங்கள், "எல்லாருக்காகவும் நான்தான் பொறுத்துப்போனேன்" என்ற வாக்கியம் ஓர் எழுத்து மாறாமல். மாறியிருந்தது மேலே போட்டிருந்த தேதி மட்டும். இத்தனை நாளாக ஜெபம் என்று நினைத்து நான் ஒப்பித்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

பதில் மாறுகிற இடமும் வேதத்தில் உண்டு. இயேசு பிடிபட்ட இரவில், கரிநெருப்பின் அருகே பேதுரு அவரை மூன்று தரம் மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசு இன்னொரு கரிநெருப்பின் அருகே, தம்மை நேசிக்கிறாயா என்று அவனிடம் மூன்று தரம் கேட்டார். முதல் இரண்டு தரம் "நீர் அறிவீர்" என்றவன், மூன்றாந்தரம் துக்கப்பட்டு, "நீர் எல்லாவற்றையும் அறிவீர்" என்கிறான். அந்த "எல்லாவற்றையும்" என்பதற்குள் அந்த இரவும் அடங்கியிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆனால் எனக்கு நெருக்கமானவன் பேதுரு அல்ல, யோனா. நினிவே நகரத்தைக் கர்த்தர் அழிக்காமல் விட்டதற்காகக் கோபப்பட்டவன் அவன். "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கர்த்தர் கேட்டபோது முதலில் வாய் திறக்காமல் நகரத்துக்கு வெளியே போய்க் குடிசை போட்டு உட்கார்ந்துகொள்கிறான். அவனுக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி காய்ந்தபின் இரண்டாம் முறை கேட்கும்போது, மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். தவறான பதில், ஆனால் கேட்ட கேள்விக்கான பதில். அதற்குமேல்தான் கர்த்தர் அவனோடு நினிவேயைப் பற்றியும், அதிலிருக்கிற மனுஷரையும் மிருகஜீவன்களையும் பற்றியும் பேச முடிகிறது. அந்தப் புஸ்தகம் கர்த்தருடைய கேள்வியோடு நின்றுவிடுகிறது; யோனா என்ன சொன்னான் என்பது எழுதப்படவில்லை.

போன மாதம் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். ஏழு நிமிஷம் பேசினோம்; வீட்டைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எரிச்சல் போய்விட்டது என்று சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும் நிலையில் நான் இல்லை. யோனாவிடம் கேட்கப்பட்ட கேள்வியை இன்னும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அதன் கீழே நான் எழுதுவது இப்போது இரண்டு வரிக்கு மேல் போவதில்லை.